பாரம் எங்கே இறங்குகிறது? சிற்பத்தையும் கட்டடத்தையும் பார்த்து எழுதத் தொடங்குவோருக்கு

ஒரு சிலையைப் பார்க்கிறோம். மனதுக்குள் என்னமோ செய்கிறது. எழுதலாம் என்று நோட்டைத் திறந்தால் ‘அழகு’, ‘கம்பீரம்’, ‘உயிரோட்டம்’ என்று மூன்று சொல் வருகிறது. அதோடு பேனா நின்றுவிடுகிறது. கலையைப் பார்த்து எழுத ஆசைப்படும் எல்லோருமே ஒரு கட்டத்தில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதைத் தாண்டுவதற்கான சில வழிகளை இங்கே எழுதுகிறேன். புதுச்சேரியிலோ கடலூர்ப் பக்கமோ இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவதால் இடங்களும் இங்குள்ளவைதாம். உடம்பும் கட்டடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கலை நம் வட்டாரத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதற்கு முன் கதையோ கவிதையோ எழுதியிருக்க வேண்டியதில்லை. சிற்ப சாஸ்திரம் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

தமிழில் இது பழைய வழக்கம். பரிபாடலில் திருப்பரங்குன்றத்தைப் பாடும் ஒரு பாட்டில், ஓவியம் தீட்டிய மண்டபத்துக்கு மக்கள் வருகிறார்கள். ஒருவர் படத்தைக் காட்டிப் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிறார்: இவள் அகலிகை, இவன் கௌதமன், அவன் கோபத்தால் இவள் கல்லான கதை இது. ஒரு பெண்ணின் உடம்பு கல்லாவதைச் சுவரில் யாரோ வரைந்திருக்கிறார்கள். அதைப் பார்க்க வந்தவர்களைப் புலவர் பாட்டில் வைத்திருக்கிறார். படத்தை மட்டும் வர்ணித்துவிட்டுப் போகாமல், அதன் முன்னால் நிற்கிறவர்களையும் எழுதினாரே, அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

கையில் ஒரு கேள்வி

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கொடுப்பேன்: பாரம் எங்கே இறங்குகிறது?

கட்டடம் என்பது கூரையின் எடையைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. நிற்கிற உடம்பும் தலையின் எடை, கையின் எடை, இடுப்பில் இருக்கும் குழந்தையின் எடை எல்லாவற்றையும் ஏதோ ஒரு காலின் வழியாகத் தரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிற்பியும் கொத்தனாரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். நடராசர் வலக்காலை முயலகன் மேல் ஊன்றி இடக்காலைத் தூக்கியிருக்கிறார். அவ்வளவு ஆட்டமும் ஒரு காலில் இறங்குகிறது, அந்தக் கால் இன்னொரு உடம்பின் மேல் இறங்குகிறது. கோயில் விமானத்தில் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக இருக்கும் பூதகணங்களைப் பாருங்கள். சில கன்னத்தை உப்பிக்கொண்டு இரண்டு கையாலும் மேல்பாரத்தைத் தாங்குகின்றன, பக்கத்திலேயே சில சிரித்துக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் கண் தானாகச் சிலையின் முழங்கால், இடுப்பு, கணுக்கால், தூணின் அடி, தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை என்று அலையத் தொடங்கும். ‘அழகு’ என்று எழுத நேரம் இருக்காது.

முதல் படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நாளைக்கு ஒரு கலைப்பொருள் போதும். கோயில் முழுவதையும் எழுத நினைத்தால் சுற்றுலாக் கையேடுதான் வரும்.

எளிதாகத் தொடங்க, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் காந்தி சிலை நல்லது. அது நடக்கிற உடம்பு. அதைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நடக்கிறவர் ஒருவர், நிற்கிறவை எட்டு. தூண்கள் தங்கள் கூரையை எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கின்றன, இப்போது தாங்குவதற்கு ஒன்றுமில்லை. கம்பு எவ்வளவு எடையை வாங்கிக்கொள்கிறது, எந்தக் கால் முன்னே போகிறது என்று பார்த்தாலே ஒரு பக்கம் எழுதலாம்.

சிலை வேண்டாம், கட்டடம் போதும் என்றால் வைசியாள் வீதிப் பக்கம் நடந்து பாருங்கள். மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், அதன் நிழலில் திண்ணை, உள்ளே முற்றம் என்று தமிழ் வீடு கீழே இருக்கும். சில வீடுகளில் மாடி மட்டும் வளைந்த சன்னல், சுவரோடு ஒட்டிய தூண், சுண்ணாம்புப் பூவேலை என்று பிரெஞ்சுப் பாணியில் எழும்பியிருக்கும். இடுப்புக்குக் கீழே வேட்டி, மேலே கோட்டு என்று அந்தக் காலப் புகைப்படங்களில் நிற்பவர்களைப் போல.

பாரதி பூங்கா நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தில் இன்னொரு வகையான கதை இருக்கிறது. ஆயியின் வீட்டு விளக்கொளியைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பிய அரசன், அது ஒரு தாசியின் வீடு என்று தெரிந்ததும் அதை இடிக்கச் சொன்னான். அவளே வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் பெயரில் இந்த மண்டபம் எழுந்தது. வீடு குழியாகி, குழி நீராகி, நீர் மண்டபமாயிற்று. கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். மண்டபத்தின் வளைவுக்குள் நின்றுகொண்டு, இடிக்கப்பட்ட அந்த வீட்டின் ஒரு அறையை மட்டும் எழுதிப் பாருங்கள்.

மழை நாளென்றால் செயின்ட் லூயி வீதியில் இருக்கும் அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அங்கே நெருக்கத்தில் நின்று பார்க்கலாம். கோயிலில் பட்டும் பூமாலையும் மறைத்துவிடும் முழங்காலும் முதுகும் அங்கே தெரியும். நேரத்தையும் விடுமுறை நாளையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட விடுதி, செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. முகப்பு முழுவதும் திருப்பிவைக்கக்கூடிய படுக்கைப் பலகைகள். வெயில் வராமல் காற்று மட்டும் வரும்படி உள்ளே தங்குகிற உடம்புக்காகவே செய்த ஏற்பாடு. ஆட்கள் தங்கும் இடம் அது, நினைத்தபோது நுழைய முடியாது. தெருவில் நின்று பார்த்தே எழுதலாம். உள்ளே போக முடியாததும் எழுத நல்ல பொருள்தான்.

ஆனால் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால், கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிதம்பரத்துக்குப் போங்கள் என்பேன். கோபுர வாசலின் உட்சுவர்களில், தரைக்குச் சற்று மேலே தொடங்கித் தலைக்கு மேல் வரை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சதுரச் சட்டங்களுக்குள் ஆடும் பெண்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள், அதாவது ஆடல் நிலைகள். கிழக்குக் கோபுரத்தில் அந்த நூலின் சுலோகங்களையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வாசலாக இருக்கும் சுவரே ஆடுகிறது. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியில் பெரும்பாலும் அந்த வாசலில்தான் நிற்கப்போகிறோம்.

எங்கும் போக முடியாதவர்கள் பிரான்சில் பிறந்த ஓவியர், சிற்பி லூயீஸ் பூர்ஷுவா 1946, 47 வாக்கில் வரைந்த ‘ஃபாம் மெஸோன்’ (பெண்-வீடு) ஓவியங்களைத் தேடிப் பார்க்கலாம். பெண்ணுடம்பில் தலைக்குப் பதிலாக வீடு. சில படங்களில் இடுப்புவரை வீடுதான், கீழே வெறுங்கால். வீடு அவளை மறைக்கிறதா, அவள் வீட்டைச் சுமக்கிறாளா என்று கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் பலரிடம் பதில் இருக்கும்.

இரண்டாம் படி: பேனாவை எடுக்காமல் நில்லுங்கள்

கால் மணி நேரமாவது எதையும் எழுதாதீர்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள். படம் எடுத்துவிட்டால் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கண் ஓய்ந்துவிடும். கோயிலுக்குள் பல இடங்களில் படம் எடுக்க அனுமதியும் இல்லை.

முதலில் தூரத்திலிருந்து பாருங்கள். அப்புறம் நெருங்கி. அப்புறம் பக்கவாட்டில். கிழக்குக் கோபுரமென்றால் காலையில் போவது நல்லது, வெயில் சாய்வாக வாசலுக்குள் விழும்போது முழங்கால் மடிப்பும் விரல் நுனியும் எடுப்பாகத் தெரியும். உச்சி வேளையில் அதே சிற்பம் தட்டையாகிவிடும். மழைக்கால மாலையில் இன்னொரு ஆள்போல இருக்கும்.

பிறகு அளவெடுங்கள். டேப் வேண்டாம், உங்கள் சாணும் முழமும் போதும். சிற்பிகளும் உடம்பைக்கொண்டே உடம்பை அளந்தார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம், அது 12 அங்குலம் என்பது அவர்கள் கணக்கு. இந்த அங்குலம் நம் இஞ்ச் ஆகாது, அந்தச் சிலையின் முகத்தையே பன்னிரண்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. உயர்ந்த தெய்வங்களின் திருமேனிக்குப் பத்துத் தாலக் கணக்கு, உத்தம தசதாலம் என்றால் 124 அங்குலம். ஒன்பது தாலத்துக்கு 108. பிள்ளையாருக்குப் பெரும்பாலும் ஐந்து தாலம், அதனால்தான் அவர் எப்போதும் குழந்தைபோல் தெரிகிறார். நீங்கள் பார்க்கும் சிலை எத்தனை முகம் உயரம் என்று, சிலையைத் தொடாமல் கையை நீட்டிக் கண்ணால் எண்ணுங்கள். பிறகு உங்கள் முகத்தைச் சாணால் அளந்து, நீங்கள் எத்தனை முகம் உயரம் என்று பாருங்கள். பத்துத் தாலச் சிலை என்றால் உங்கள் கணக்கு அதைவிடக் குறையலாம். அந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முடிந்தால் அந்த நிலையில் நின்று பாருங்கள். கோயில் வாசலில் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். கரணச் சிற்பங்களில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து மடிந்திருக்கும். பரதம் கற்றவர்கள் அரைமண்டி என்பார்கள். ஒரு நிமிடம் அப்படி நில்லுங்கள். தொடையின் முன்பக்கம் எரியத் தொடங்கும், குதிகால் தரையைத் தேடும், மூச்சு குட்டையாகும். லலாட திலகம் என்று ஒரு கரணம்: ஒரு கால் தலைக்கு மேல் உயர்ந்து வளைந்து, பாதம் நெற்றிக்குப் பொட்டு வைப்பதுபோல் வருகிறது. அதை முயற்சி செய்ய வேண்டாம். ஆனால் அந்த உடம்பின் எடை மொத்தமும் எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாம் படி: மூன்று பத்தியில் குறிப்பு

நோட்டில் ஒரு பக்கத்தை நெடுக்காக மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் கண்டது. இரண்டாவதில் உங்கள் உடம்பில் நடந்தது. மூன்றாவதில் நினைவுக்கு வந்தது.

முதல் பத்தியில் பக்கத்தில் நிற்பவர் ‘ஆமாம்’ என்று ஒத்துக்கொள்ளக்கூடியவை மட்டும் இருக்கட்டும். ‘சோகமாக நிற்கிறாள்’ என்பது அங்கே வராது. ‘தலை இடது தோள்பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு நுனி உடைந்திருக்கிறது’ என்பது வரும். கை எட்டும் உயரத்தில் கல் எப்படி இருக்கிறது, எட்டாத உயரத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். சட்டத்துக்குள் ஆடுபவளின் பக்கத்தில் சின்னதாக நிற்கும் மத்தளக்காரர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் எவ்வளவு குட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவளை இவ்வளவு பெரியவளாகக் காட்டுகிறது.

இரண்டாவது பத்தியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமானது. நிமிர்ந்து பார்த்ததில் பிடரி வலித்தது, வெறுங்காலுக்குக் கருங்கல் சில்லென்றிருந்தது, வாசலைத் தாண்டியதும் காற்று மாறியது, ஒரு தூணின் மேல் சாயத் தோன்றியது. கட்டடம் உங்களோடு பேசும் வழி இதுதான். கதவு எவ்வளவு தாழ்வு என்பதைக் குனிகிற முதுகு சொல்லும்.

மூன்றாவது பத்தியை நீளவிடாதீர்கள். நாலைந்து வரி. பாட்டி உட்கார்ந்திருந்த இடம், தெருவில் வீடு கட்டும்போது பார்த்த சித்தாள், எதுவானாலும் சரி. சித்தாள் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கலவைப் பாண்டைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறபோது அவள் கழுத்துதான் அந்த வீட்டின் முதல் தூண். தளம் போட்டு முடிந்ததும் அந்தத் தூணை யாரும் எழுதுவதில்லை.

நான்காம் படி: யார் பேசுவது?

இதை முடிவுசெய்யாமல் முதல் வரியை எழுதாதீர்கள். சிலை பேசலாம், அதைச் செதுக்கியவர் பேசலாம், விடியற்காலையில் அந்த வாசலைக் கழுவிவிடுகிறவர் பேசலாம், சட்டத்துக்குள் இருக்கும் மத்தளக்காரன் பேசலாம். நீங்களே பேசலாம்.

‘நான் சிலை பேசுகிறேன்’ என்ற வழியில் புதியவர்கள் வேகமாக விழுவார்கள். அந்த வழி சீக்கிரம் சலித்துவிடும், ஏனென்றால் சிலை உடனே ஆயிரமாண்டு வரலாறு பேசத் தொடங்கிவிடும். பேசவைத்தே தீரவேண்டும் என்றால் அதற்குத் தெரிந்ததை மட்டும் பேசவையுங்கள். வாசல் சுவரில் தலைக்கு மேலே இருக்கும் சிற்பத்துக்கு மனிதர்களின் உச்சந்தலை தெரியும், முகம் அவ்வளவாகத் தெரியாது. அது வகிடுகளைப் பற்றிப் பேசட்டும்.

என் பரிந்துரை: முதல் முயற்சியில் நீங்களே பேசுங்கள், ஆனால் ஓரமாக நின்று. சிலையை ‘நின்றாள்’ என்று எழுதப்போகிறீர்களா, ‘நின்றது’ என்று எழுதப்போகிறீர்களா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். நடுவில் மாறினால், மாறும் இடத்தில் ஏதோ நடந்தாக வேண்டும்.

ஐந்தாம் படி: வடிவத்தைக் கட்டடத்திடம் கேளுங்கள்

வடிவம் இல்லாமல் தொடங்கினால் எழுத்து குளம்போல் பரவி நின்றுவிடும். கலைப்பொருளிலேயே வடிவம் இருக்கிறது. நான் அடிக்கடி சொல்லிக்கொடுப்பது மூன்று.

ஒன்று, பாதாதிகேசம். அடி முதல் முடிவரை பாடும் பழைய சிற்றிலக்கிய முறை. விமானத்துக்கும் இதே வரிசைதான்: அதிட்டானம் (அடிப்பீடம்), கால் (சுவரும் தூணும்), பிரஸ்தரம் (கூரை விளிம்பு), கழுத்து, சிகரம், தூபி (உச்சிக் கலசம்) என்று ஆறு உறுப்பு, கீழிருந்து மேல். சிலைக்கு ஆறு வரி, விமானத்துக்கு ஆறு வரி, இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னினால் பன்னிரண்டு வரிக் கவிதை. கழுத்து வரும் இடத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும், பாருங்கள்.

இரண்டு, வெளியிலிருந்து உள்ளே நடப்பது. சங்கப் பாட்டான நெடுநல்வாடை இதற்கு இணையற்ற வழிகாட்டி. அரண்மனை கட்டுவதற்கு நூல் பிடித்து அளக்கிறார்கள், கொடி பிடித்த யானை நிமிர்ந்தபடியே நுழையும் அளவுக்கு உயர்ந்த வாயில் வருகிறது, முற்றம், உள்மனை, யானைத்தந்தக் கட்டில் என்று நக்கீரர் நம்மை அழைத்துக்கொண்டே போய்க் கடைசியில் அந்தக் கட்டிலில் நகையில்லாமல் அழுதுகொண்டிருக்கும் அரசியிடம் விடுகிறார். அவ்வளவு பெரிய கட்டடமும் அவள் தனிமையின் அளவாகிவிடுகிறது. உரைநடை எழுதுகிறவர்கள் இந்த வழியில் போகலாம்: தெரு, தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம், கடைசியாக ஒரு ஆள்.

மூன்று, மூச்சுக் கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஆணிகள் 72,000 என்பது மரபு. ஓடு ஒவ்வொன்றும் ஒரு நாளில் மனிதன் விடும் ஒரு மூச்சு, ஆணி ஒவ்வொன்றும் உடம்பின் ஒரு நாடி. உடம்பே ஆலயம், வாயே கோபுர வாசல் என்று திருமூலர் சொன்னதைக் கூரையாக வேய்ந்துவைத்திருக்கிறார்கள். கணக்கும் சரியாக வரும்: நிமிடத்துக்கு 15 மூச்சு, ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். ஆகவே 15 வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். மொத்தமும் ஒரு நிமிடம் ஓடினால் ஒரு நிமிடக் கூரை வேய்ந்துவிட்டீர்கள்.

கொஞ்சம் கை பழகிய பிறகு இன்னொன்றும் முயலலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களுக்குக் கல் வைத்தார்கள், 81தான் செதுக்கி முடிந்தது. 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அந்த வெறுங்கல் ஒன்றுக்கு எழுதுங்கள்.

ஆறாம் படி: எழுதுங்கள், பிறகு ஆளை நிறுத்திப் பாருங்கள்

முதல் வரைவை அன்றைக்கே, முடிந்தால் அங்கேயே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். புதியவர் ஒருவர் வழக்கமாக எழுதும் வரிகள் இப்படி இருக்கும்:

கல்லுக்கு உயிர் கொடுத்தான் சிற்பி,
கண்ணைக் கவரும் ஆடல் நங்கை,
காலத்தை வென்ற கலை.

எழுதியவருக்கு ஆசை இருக்கிறது, ஓசையும் இருக்கிறது. ஆனால் இதை மாமல்லபுரத்துக்கும் ஒட்டலாம், மதுரைக்கும் ஒட்டலாம். மூன்று பத்திக் குறிப்பிலிருந்து எடுத்து எழுதினால் இப்படி ஆகும்:

ஒற்றைக் காலில் நிற்கிறாள்.
மற்றக் கால் நெற்றியைத் தொடுகிறது.
மத்தளக்காரன் அவள் முழங்காலைப் பார்த்தபடி
கையை ஓங்கியிருக்கிறான், இன்னும் அடிக்கவில்லை.
அவளுக்கு மேல் ஒருத்தி, அவளுக்கும் மேல் ஒருத்தி,
எல்லோருக்கும் மேல் ஏழு நிலைக் கோபுரம்.
வெளியே செருப்பை விட்டு வந்த
என் இரண்டு காலும் தரையில்தான் இருக்கின்றன,
வலிக்கிறது.

முதல் நாலு வரி கண்டது. ஐந்தும் ஆறும் கேள்விக்கான விடை: ஒரு முழங்காலின் மேல் கோபுரமே ஏறி நிற்கிறது. கடைசி மூன்று வரி எழுதியவரின் உடம்பு. ‘அழகு’ எங்குமில்லை. ‘சிற்பி’யும் இல்லை, ஆனால் ஓங்கிய கை நின்றுவிட்டதில் அவர் இருக்கிறார்.

உரைநடையில் ஒரு சின்ன மாதிரி, திண்ணை ஒன்றைப் பார்த்து எழுதியது:

“திண்ணையின் உயரம் என் முழங்காலுக்கு இரண்டு விரல் மேலே. உட்கார்ந்தால் முன்பாதம் தரையில் படிகிறது, ஆனால் குதிகால் மட்டும் லேசாகத் தூக்குகிறது. இதைக் கட்டியவர்கள் என்னைவிட உயரமானவர்களாக இருந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் தலைவைக்கச் சுண்ணாம்பிலேயே ஒரு மேடு. அதன் நடுவில் குழிந்திருக்கிறது. எத்தனை பேர் தலை என்று தெரியவில்லை. என் தலை அதில் பொருந்தவில்லை.”

திருத்தும்போது நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான். எழுதியதை, அந்தச் சிலையையோ வீட்டையோ பார்த்திராத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும், ‘அவள் எப்படி நின்றாள், நின்று காட்டு’ என்று கேளுங்கள். தம்பியோ தோழியோ, யாராக இருந்தாலும் சரி. அவர் சரியான காலைத் தூக்கினால் எழுத்து நிற்கிறது. இரண்டு காலிலும் நேராக நின்று கைகூப்பினால், நீங்கள் சிலையை எழுதவில்லை, சிலை மேலிருக்கும் மரியாதையை எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்துக்கும் இது பொருந்தும். ‘எந்த இடத்தில் குனிவாய்?’ என்று கேட்டால் போதும்.

உடம்பை எழுதும்போது

பெண் சிற்பங்களைப் பார்த்ததும் கொடியிடை, மான்விழி என்று கை பழைய தடத்தில் போகும். அந்த உவமைகள் தம் காலத்தில் புதிதாக இருந்தன. இன்று அவை பார்க்காமலேயே எழுத உதவுகின்றன, அதனால்தான் தவிர்க்கச் சொல்கிறேன். அவளுடைய தொடைத் தசை எவ்வளவு உழைக்கிறது என்று எழுதுங்கள். அங்கே நீங்கள் நிஜமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கோயில் வாசலில் கை நீட்டுகிறவரும், தாழ்வாரத்தில் படுத்துறங்குகிறவரும், சாரத்தில் ஏறும் சித்தாளும் கலைப்பொருள்கள் அல்லர். அவர்களைப் பற்றி எழுதினால் ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுதுங்கள், அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள், முகம் தெரியப் படம் போடாதீர்கள். திண்ணைக்குச் சொந்தக்காரர் உள்ளே இருப்பார். உட்காருவதற்கு முன் குரல் கொடுப்பது வழக்கம், அனேகமாகத் தண்ணீரும் கிடைக்கும், வீட்டின் கதையும் கிடைக்கும்.

வெளியே அனுப்பும் முன்

வரைவை ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பப் போய், சிலைக்கு எதிரே நின்று ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். இடது வலது அதிகம் குழம்பும்: எதிரே நிற்கும் சிலையின் இடக்கை உங்கள் வலப்பக்கம் இருக்கும். ‘தூக்கிய இடக்கால்’ என்று எழுதியிருந்தால் அது யாருடைய இடது என்று பாருங்கள். தூண் எட்டா ஒன்பதா, சட்டத்துக்குள் மத்தளக்காரர் ஒருவரா இருவரா என்பதையும் எண்ணுங்கள்.

தலைப்பில் கலைப்பொருளின் பெயரை வைக்க வேண்டாம், அதற்குக் கீழே தனி வரியில் கொடுங்கள்: எது, எங்கே, எந்த மாதம், எந்த வேளையில் பார்த்தது. கலைஞர் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். வேறொருவர் எடுத்த படத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், வாசிக்கிறவர் அதே வெயில் நேரத்தில் போய் உங்களோடு ஒத்துப்போகவோ சண்டை போடவோ முடியும்.